மஞ்சள் முந்தித் தீரும் மாதம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் இரணியல் வட்டாரத்துப் பிளக்ஸ் அச்சகங்களில் எந்த அளவு மை வாங்குவது, எவ்வளவு இருப்பு வைப்பது என்ற கேள்விகள் தொழிலின் லாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கின் உள்விவரங்களை ஆராயும் சிறப்புக் கட்டுரை.

மாசி பிறந்ததும் திங்கள்சந்தையிலிருந்து மண்டைக்காட்டுக்குச் செல்லும் சாலையின் நிறம் மாறிவிடுகிறது. மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலின் பத்து நாள் கொடை விழாவுக்கு வருவோரை வரவேற்கும் பதாகைகள் மஞ்சளும் சிவப்புமாகச் சந்திப்புகளை நிறைக்கின்றன. அதே பருவத்தில், சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ஓடிச் செல்லும் பக்தர்களுக்காக நீர்மோர்ப் பந்தல்கள் காவி நிறப் பதாகைகளோடு எழுகின்றன. மாசி 20 அன்று அய்யா வைகுண்டரின் அவதார தின ஊர்வலம் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குப் புறப்படும்போது, காவியின் மேல் வெள்ளை நாமம் பொறித்த வாழ்த்துப் பலகைகள் வழிநெடுகத் தோன்றுகின்றன. சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து நிகழும் இந்த மூன்று விழாக்களுக்கும் வேண்டிய பதாகைகளில் பெரும்பகுதி, திங்கள்சந்தை, இரணியல், நெய்யூர், தக்கலை போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில் பின்னறைகளில் இயங்கும் அகல அச்சுப்பொறிகளிலிருந்தே வெளிவருகிறது.

அத்தகைய பின்னறை ஒன்றில் கண் முதலில் இயந்திரத்தின் மேல் பதியும். பத்தடி அகல பிளக்ஸ் ரோலின் மீது மை தெளிக்கும் ஹெட் வலமும் இடமுமாக ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு ஓட்டத்திலும் விரலகல நிறப்பட்டை ஒன்று படிகிறது. எனினும் தொழில் தெரிந்தவரின் கண் கீழேதான் செல்லும். அங்கே சியான், மெஜந்தா, யெல்லோ, பிளாக் என்ற நான்கு மைகளும் ஐந்து லிட்டர் கேன்களில் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் மெல்லிய குழாய் மேலேறிச் செல்கிறது. கேனின் வெளிர்ந்த சுவர் வழியே மையின் மட்டம் நிழல்போலத் தெரிகிறது. நான்கு கேன்களும் ஒரே நாளில் திறக்கப்பட்டிருந்தாலும் மாசியில் அவற்றின் மட்டம் ஒன்றாக இருப்பதில்லை. சியான் தோள்வரை நிற்கையில், யெல்லோ கேன் அடிமட்டத்துக்கு இறங்கி, கடைசி மையை எடுக்கச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.

ஈய எழுத்திலிருந்து மைத்துளிக்கு

இந்த வட்டாரம் அச்சுக்குப் புதியதன்று. 1820களின் தொடக்கத்திலேயே லண்டன் மிஷனரி சங்கத்தின் அச்சகம் நாகர்கோவிலில் இயங்கத் தொடங்கியது. அங்கே கோக்கப்பட்ட ஈய எழுத்துகளுக்கும் இன்றைய பின்னறைகளுக்கும் இடையில் லித்தோ, ஆஃப்செட், கையால் வரைந்த துணிப் பதாகை என்று பல கட்டங்கள் கடந்துவிட்டன. கடந்த கால் நூற்றாண்டில் பிளக்ஸ் அவற்றில் துணிப் பதாகையை ஏறத்தாழ முழுமையாக அகற்றிவிட்டது. அகல அச்சுப்பொறி என்பது பொதுவாக 24 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள தாளிலும் படலத்திலும் மையைத் துளித்துளியாகத் தெளித்து அச்சிடும் கருவியைக் குறிக்கும். வீட்டு வரைபடம் அச்சிடும் சிறிய பொறியும், கோயில் வளைவுக்குப் பதாகை அச்சிடும் பத்தடி இயந்திரமும் இப்பெயருக்குள் அடங்குகின்றன என்றாலும், மை வாங்கும் விதத்தில் இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

┃ பெட்டிச் செய்தி: எந்த மை, எந்த அளவு?

நீர் மை: வரைபடம், புகைப்படம், தாள் சுவரொட்டி ஆகியவற்றுக்கு. எப்சன் ஷ்யூர்கலர் டி வரிசையின் 3200, 5200, 7200 பொறிகளுக்கு 110, 350, 700 மி.லி. கேட்ரிட்ஜ்கள் உண்டு. கேனன் டி.எம். வரிசைக்கு 130, 300 மி.லி.; டி.எக்ஸ். வரிசைக்கு 160, 330, 700 மி.லி.

இகோ சால்வன்ட்: வாடை குறைந்த கரைப்பான் மை, வினைல், கடைப் பலகை, வண்டி ஸ்டிக்கர் ஆகியவற்றுக்கு. ரோலண்டின் இகோ-சால் மேக்ஸ் மை 220, 440 மி.லி. அளவுகளில் வந்தது. குப்பியிலிருந்து ஊற்றி நிரப்பும் பொறிகளுக்கு ஒரு லிட்டர் பாட்டில்.

லேடெக்ஸ்: நீரில் கலந்த பிசின் மை, சூட்டில் காயும். எச்.பி. லேடெக்ஸ் 315 பொறிக்கு 400 மி.லி.; அதற்கு மேற்பட்ட சில பொறிகளுக்கு 775 மி.லி.

சால்வன்ட்: பிளக்ஸ் இயந்திரங்களின் மை. பெரும்பாலும் ஐந்து லிட்டர் கேன்.

மில்லி விலை காட்டாத செலவு

கேட்ரிட்ஜ் பெரிதாகும்போது ஒரு மில்லி லிட்டரின் விலை குறைகிறது. இந்த ஒரு உண்மையை மட்டும் கொண்டு எல்லா நிறத்திலும் இருப்பதிலேயே பெரிய அளவை வாங்கும் பழக்கம் சிறிய அச்சகங்களில் பரவலாக உள்ளது. பயன்பாட்டின் வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் இது சரியான முடிவே. வேகம் குறைந்த இடத்தில் அதே முடிவு நட்டத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஏனெனில் மைக்கு ஆயுள் உண்டு.

நிறமி மை என்பது கரையாத நுண்துகள்கள் திரவத்தில் மிதக்கும் கலவையாதலால், நெடுநாள் அசையாமல் கிடந்தால் துகள்கள் அடியில் படிகின்றன. மேலே வெளிறிய மையும் கீழே அடர்ந்த மையுமாகப் பிரிந்துவிடும். பொறியில் பொருத்திய கேட்ரிட்ஜை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று எப்சன் நிறுவனம் பரிந்துரைக்கிறது. வேறு பல நிறுவனங்கள் கேட்ரிட்ஜின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைக் கடந்த மைக்குப் பொறுப்பேற்பதில்லை.

கட்டட வரைபடங்களை அச்சிட்டுத் தரும் ஒரு கடையை எடுத்துக்கொள்ளலாம். ஏ0 தாள் என்பது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புடையது. கோடுகள் மட்டுமே உள்ள வரைபடத்துக்கு ஒரு தாளுக்கு ஒரு மி.லி. மை செலவாகிறது என்றும், நாளொன்றுக்குப் பத்துத் தாள் வீதம் மாதம் 25 நாள் வேலை நடக்கிறது என்றும் கணக்குக்காகக் கொண்டால், மாதச் செலவு 250 மி.லி. கோடுகளும் எழுத்துகளும் பெரும்பாலும் கறுப்பு என்பதால் அதில் 150 மி.லி. கறுப்புக்கும், எஞ்சியது மற்ற மூன்று நிறங்களுக்கும் ஏறத்தாழ 33 மி.லி. வீதமும் போகும். அக்கடையில் 700 மி.லி. கறுப்பு நான்கரை மாதத்துக்குச் சற்று மேல் வரும். அது பொருத்தமான அளவு. அதே 700 மி.லி. அளவில் சியானை வாங்கினால் தீர 21 மாதம் ஆகும், 350 மி.லி.கூடப் பத்து மாதத்தைத் தாண்டும். 110 மி.லி. மட்டுமே ஆறு மாத வரம்புக்குள் அடங்குகிறது. ஆகவே ஒரே பொறியில் கறுப்புக்குப் பெரிய கேட்ரிட்ஜையும் மற்ற நிறங்களுக்குச் சிறியதையும் பொருத்துவதே அக்கடைக்கு உகந்தது. ஒவ்வொரு நிறத்தின் இடமும் தனித்தனியானது என்பதால் இத்தகைய பொறிகள் இந்தக் கலப்பை ஏற்கின்றன. இவ்வசதி தெரியாமலேயே பல ஆண்டுகள் பொறியை ஓட்டுவோர் உண்டு.

அளவுக் கலப்பில் இன்னொரு நன்மையும் உள்ளது. பல கேட்ரிட்ஜ்களில் பதிந்த சில்லு, உள்ளே எஞ்சிய மையின் அளவை நினைவில் வைத்துக்கொள்கிறது. இரவு முழுவதும் ஓட வேண்டிய பெரிய வேலைக்கு முன், தீரும் நிலையிலுள்ள கேட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு நிறைந்த ஒன்றைப் பொருத்தி, மறுநாள் சிறு வேலைகளுக்குப் பழையதை மீண்டும் பொருத்தித் தீர்ப்பது அனுபவசாலிகளின் முறை. இம்முறையில் ஆள் இல்லாத நேரத்தில் மை தீர்ந்து பொறி நிற்கும் வாய்ப்பு குறைகிறது. நடு அச்சில் பொறி நின்று மீண்டும் தொடங்கினால், முன்பு படிந்த மை காய்ந்துவிட்டிருக்க, புதிய பட்டை சேரும் இடத்தில் கோடு விழும்; அந்தத் துண்டு முழுவதும் வீணாகிவிடும்.

பெரிய அளவை ஆதரிப்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு கேட்ரிட்ஜின் அடியிலும் எடுக்க முடியாத சிறிதளவு மை எஞ்சுகிறது. சிறிய கேட்ரிட்ஜ்களை அடிக்கடி மாற்றுபவர் அந்த மிச்சத்தையும் அடிக்கடி இழக்கிறார். மேலும், அச்சுக்குச் செல்லும் மை மட்டுமே செலவன்று. பொறி தானாகச் செய்யும் ஹெட் கிளீனிங், ஹெட்டில் மை வெளிவரும் நுண்துளையான நாசில் அடைபட்டால் ஆள் கட்டளையிட்டுச் செய்யும் கிளீனிங், புதிய பொறியின் குழாய்களை முதன்முதலில் நிரப்புதல் ஆகிய ஒவ்வொன்றும் மையை உறிஞ்சிக் கழிவுத் தொட்டிக்கு அனுப்புகின்றன. நாள்தோறும் ஓடும் பொறியில் இச்செலவு மொத்தத்தில் சிறு பங்கு. வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் பொறியில் கழிவுத் தொட்டிக்குப் போகும் மை தாளில் விழும் மையோடு போட்டியிடும் அளவுக்கு உயர்ந்துவிடும்.

நிறத்துக்கு நிறம் வேறு கணக்கு

இருப்பைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் 'மை' என்று ஒருமையில் சொல்லப்படுவதே தவறுகளின் தொடக்கம். நான்கு நிற அச்சில் சிவப்பு என்று தனியாக ஒரு மை இல்லை. மெஜந்தாவும் யெல்லோவும் சேர்ந்தே சிவப்பாகின்றன. காவி அதே இரண்டின் கலவைதான்; யெல்லோ மிகுந்து மெஜந்தா குறைந்தால் காவி. பச்சைக்குச் சியானும் யெல்லோவும் வேண்டும். மனிதத் தோலின் நிறத்துக்கு யெல்லோவும் மெஜந்தாவும் முதன்மை. ஆக, பகவதி அம்மனின் சிவப்பிலும், அய்யாவழிக் கொடியின் காவியிலும், பந்தலைச் சுற்றி வரையப்படும் வாழையிலையின் பச்சையிலும், பதாகையின் கீழ்வரிசையில் நிற்கும் நன்கொடையாளர்களின் முகங்களிலும் யெல்லோ இடம்பெறுகிறது. தமிழகத்துப் பதாகைகளில் மஞ்சள் கேன் முந்தித் தீர்வதன் காரணம் இதுவே. எந்தச் சந்திப்பிலும் நிமிர்ந்து பார்ப்பவருக்கு இதற்குச் சான்று கிடைக்கும்.

ஒரு மாசிப் பதாகையில் சதுர மீட்டருக்கு 10 மி.லி. மை செலவாகி, அதில் யெல்லோ 40, மெஜந்தா 35, பிளாக் 15, சியான் 10 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், 1,250 சதுர மீட்டர் அச்சிட்ட நிலையில் யெல்லோ கேன் ஐந்து லிட்டரும் காலியாகியிருக்கும். அப்போது மெஜந்தாவில் சற்றேறக்குறைய 4.4 லிட்டரும், பிளாக்கில் 1.9 லிட்டரும், சியானில் 1.25 லிட்டரும் மட்டுமே தீர்ந்திருக்கும். 'ஒரு செட்' என்று நான்கு கேன்களையும் சேர்த்தே வாங்கும் கடை, மூன்றாம் செட்டுக்குள் சியானில் பத்து லிட்டருக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். ஆனால் யெல்லோவுக்கு அப்போதும் அலைந்துகொண்டிருக்கும். செட்டாக வாங்கினால் தள்ளுபடி என்ற அறிவிப்பை இக்கணக்கோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இந்த விகிதம் ஆண்டு முழுவதும் நிலைத்து நிற்பதுமில்லை. நவம்பர் இறுதியில் கோட்டாறு புனித சவேரியார் திருவிழாவும், அதைத் தொடர்ந்து கிறிஸ்துமஸும் வருகையில் நீல வானமும், மாதாவின் நீல ஆடையும், இரவுப் பின்னணியும் பதாகைகளில் மிகுவதால் சியானும் பிளாக்கும் விரைந்து இறங்குகின்றன. மாதம் தவறாமல் வரும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் பிளாக்கைத் தின்கின்றன. அவற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது, சில மணி நேரத்தில் முடித்தும் தர வேண்டும். அரசியல் கூட்டங்களுக்கு எந்தக் கட்சி வேலை கொடுக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். கொடிகளில் கறுப்பும் சிவப்பும் உள்ள கட்சிகளின் வேலை பிளாக், மெஜந்தா, யெல்லோ மூன்றையும் இழுக்கும். காவியும் பச்சையும் உள்ள கட்சியின் வேலை யெல்லோவை இருமடங்காகக் கேட்கும்.

ஆகையால் இரணியல் வட்டாரத்து அச்சகம் ஒன்றுக்கு உண்மையான இருப்பு நாட்காட்டி என்பது ஆங்கில மாதக் கணக்கில் அமைவதைவிட மாசி, பங்குனி, ஆவணி என்ற திருவிழாக் கணக்கிலும் திருமண முகூர்த்தக் கணக்கிலும் அமைவதே பொருந்தும். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு மை கொள்ளும் என்பதை நிறவாரியாக முன்கூட்டியே மதிப்பிடும் வசதி, படத்தை அச்சுப்பொறிக்கு ஏற்ற புள்ளிகளாக மாற்றித் தரும் ரிப் என்ற மென்பொருள்கள் பலவற்றில் ஏற்கெனவே உள்ளது. அந்த எண்களை ஒரு நோட்டில் ஓராண்டு தொடர்ந்து எழுதிவைத்தாலே அடுத்த ஆண்டின் மாசிக்கு எந்த நிறம் எத்தனை கேன் என்று ஊகமின்றிச் சொல்ல முடியும். பெரும்பாலான கடைகள் விட்டுவிடும் வேலையும் இதுதான்.

கடைக்கோடியின் காத்திருப்பு

பொருளை எப்போது மறுபடி வாங்குவது, ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்கு 1913-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்ட் ஹாரிஸ் ஒரு சூத்திரம் தந்தார். அடிக்கடி வாங்கினால் போக்குவரத்துச் செலவும் அலைச்சலும் கூடும். ஒரே தடவையில் மிகுதியாக வாங்கினால் முடங்கும் பணமும் கெடும் சரக்கும் கூடும். இரண்டும் சமப்படும் அளவே சிக்கனமானது என்பது அதன் சாரம். அதோடு பிற்காலத்தில் சேர்ந்த 'மறுகொள்முதல் புள்ளி' என்ற கருத்தே சிறு அச்சகத்துக்கு மிகவும் பயன்படுவது. ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு கைக்கு வரும்வரை எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாளுக்கான செலவோடு ஒரு பாதுகாப்பு இருப்பையும் கூட்டினால் வருவது அப்புள்ளி. கையிருப்பு அந்த அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் போயாக வேண்டும்.

┃ பெட்டிச் செய்தி: ஒரு கேன் போதுமா?

எடுத்துக்காட்டாக, சாதாரண மாதத்தில் யெல்லோவின் நாள் செலவு 300 மி.லி. என்றும், சரக்கு வந்துசேர 4 நாள் ஆகும் என்றும், பாதுகாப்புக்கு 2 நாள் என்றும் கொண்டால்:

300 × (4 + 2) = 1,800 மி.லி. அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் கேனில் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதே ஆர்டர் தர வேண்டும்.

மாசியில் நாள் செலவு 900 மி.லி. ஆனால்:

900 × (4 + 2) = 5,400 மி.லி. அதாவது, உடைக்காத ஒரு முழுக் கேன் அலமாரியில் இருக்கும்போதே அடுத்த ஆர்டர் புறப்பட்டாக வேண்டும்.

சென்னையில் உள்ள அச்சகத்துக்கும் இரணியலில் உள்ள அச்சகத்துக்கும் வேறுபாடு இந்த 'எத்தனை நாள்' என்பதில்தான் இருக்கிறது. பெருநகரத்தில் டீலரின் கிடங்கு சில கிலோமீட்டரில் இருக்க, மை தீர்ந்தால் ஒருவரை வண்டியில் அனுப்பி மதியத்துக்குள் வாங்கிவிடலாம். நாட்டின் தென்முனை மாவட்டத்துக்கோ சரக்கு பார்சல் லாரியில் வர வேண்டும். சால்வன்ட் மை எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் விமானச் சரக்கிலும் பல கூரியர்களிலும் சாதாரணப் பொட்டலமாக ஏற்க மாட்டார்கள்; அவசரம் என்பதற்காக விரைவான வழி ஒன்று திறந்துவிடுவதில்லை.

வழியும் எப்போதும் திறந்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் கன்னியாகுமரி. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. 1979-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில்தான் இரணியல் நிலையமும் அமைந்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தில் வடக்கிலிருந்து வரும் சாலைகளும் ரயில்களும் பாதிக்கப்பட்டன. அது கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத பருவம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது, மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லாமல் அசையாமல் நிற்கும் பொறியில் நாசில்கள் காய்ந்து அடைபடும். மின்சாரம் திரும்பியதும் அவற்றை மீட்க வழக்கத்தைவிடப் பல மடங்கு கிளீனிங் தேவைப்படும். ஆகவே புயலுக்குப் பிந்திய முதல் நாளில் அச்சகத்துக்கு அவசரமாக வேண்டியவை மையும், ஹெட்டைக் கழுவும் சொலூஷனும், டாம்பரும், ஃபில்டருமே ஆகும். டாம்பர் என்பது ஹெட்டுக்குச் செல்லும் மையின் அழுத்தத்தைச் சீராக்கும் சிறு பாகம். மைக்கு இருப்பு வைத்து இவற்றுக்கு வைக்காத கடை, மை இருந்தும் ஓட முடியாமல் நிற்கும். கேட்ரிட்ஜ் பொறிகளில் கழிவுத் தொட்டிக்கும் இதே விதி. அது நிறைந்துவிட்டால், நான்கு நிறமும் நிறைந்திருந்தாலும் பொறி அச்சிட மறுத்துவிடும்.

தீர்ந்துபோனால் என்ன ஆகும்?

கொடை நாளுக்கு முந்திய இரவு யெல்லோ தீர்ந்தால் ஏற்படும் இழப்பை மையின் விலையால் அளக்க முடியாது. மறுநாள் தந்தால் பயனில்லாத பொருள் பதாகை. அந்த வேலை பக்கத்து ஊருக்குப் போகும், பெரும்பாலும் அடுத்த ஆண்டும் அங்கேயே போகும். வேலையை இழக்க மனமில்லாதவர் பக்கத்துக் கடையில் கடன் வாங்குகிறார். அது அதே நிறுவனத்தின் அதே வகை மை என்றால் பிரச்சினை இல்லை. வேறு நிறுவனத்தின் மையை எஞ்சிய மையோடு கலந்தால்தான் பெரிய ஆபத்து தொடங்குகிறது. இரண்டிலும் கரைப்பான்களும் பிசின்களும் வேறு வேறாக இருந்தால், கலவை குழாயிலேயே திரிந்து கூழாகி டாம்பரை அடைத்து, ஹெட்டுக்குள் புகுந்துவிடும். பிளக்ஸ் இயந்திரத்தில் மிக விலையுயர்ந்த உதிரிபாகம் ஹெட். ஒரு கேன் மையை மிச்சப்படுத்த முயன்று ஹெட்டை இழந்தால், அந்தப் பருவம் முழுவதிலும் ஈட்டியது அதற்கே போய்விடும். கலப்பு தவிர்க்க முடியாதபோது குழாய் முழுவதையும் கழுவி, பழைய மையை வெளியேற்றிய பிறகே புதியதை ஏற்ற வேண்டும். இரவு பத்து மணிக்கு அதற்குப் பொறுமை இருப்பதில்லை என்பதே மனித இயல்பு.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு குறுக்குவழியும் உண்டு. வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வரும் உறவினர் வழியாகக் குறைந்த விலையில் கேட்ரிட்ஜ் தருவிப்பதே அது. சில நிறுவனங்களின் பொறிகளும் கேட்ரிட்ஜ்களும் விற்பனை மண்டலத்துக்கேற்ப ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. வேறு மண்டலத்தின் கேட்ரிட்ஜைப் பொருத்தினால் சில்லை அடையாளம் காணாமல் பொறி அதை ஏற்க மறுக்கும். வாங்குவதற்கு முன் தன் பொறியின் மண்டலத்தை உறுதிசெய்யாதவர் கடல் கடந்து வந்த பெட்டியை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அலமாரியில் முடங்கும் பணம்

மிகை இருப்பின் கேடு மெதுவாக வெளிப்படுவதால் கவனத்துக்கு வருவதில்லை. பருவத்துக்கென வட்டிக்கு வாங்கிய பணத்தில் வந்த கேன், பருவம் முடிந்தும் திறக்கப்படாமல் நின்றால், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஜி.எஸ்.டி.யின் தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைகளுக்கு, வாங்கிய சரக்கின் மீது செலுத்திய வரியைத் திரும்ப ஈடுசெய்துகொள்ளும் உரிமை கிடையாது. எனவே காலாவதியாகும் ஒவ்வொரு கேனும் விலையோடு வரியையும் சேர்த்தே இழப்பாகிறது.

தேர்தல் ஆண்டில் இந்த ஆபத்து கூடுகிறது. 2021 பிப்ரவரி 26 அன்று சட்டமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அது சரியாக மாசி மாதத்தின் நடுப்பகுதி. பொது இடங்களில் அரசியல் பதாகைகளுக்கு அன்றிலிருந்து கட்டுப்பாடு என்பதால், தேர்தல் என்றாலே அச்சகத்துக்கு அறுவடை என்று எண்ணி மை குவிப்பவரின் கணக்கு அறிவிப்பு வெளியான அந்த மாலையிலேயே பொய்க்கக்கூடும். இருப்பை முடிவுசெய்யும்போது கட்சிகளின் உற்சாகத்தைவிடத் தேர்தல் ஆணையத்தின் நாட்காட்டியே நம்பத்தக்க வழிகாட்டி.

சேமிப்பு முறை எளியது. ஆனால் கடைப்பிடிப்போர் குறைவு. புதிதாக வந்த கேன் பின்வரிசைக்கும் பழையது முன்வரிசைக்கும் செல்ல வேண்டும். வந்த தேதியையும் திறந்த தேதியையும் மார்க்கரால் கேனின் மேலேயே எழுத வேண்டும். தகரக் கூரையின் கீழ் வெயில் இறங்கும் மூலையில் மை வைக்கலாகாது. நிறமி மையைப் பொருத்துமுன் மெதுவாகப் புரட்டிக் கலக்க வேண்டும். வெள்ளை மை மற்ற நிறங்களைவிட மிக விரைவாகப் படியும் என்பதால், அதை வாரந்தோறும் புரட்ட ஆள் இல்லாத கடை இருப்பு வைக்காமலிருப்பதே நல்லது.

எல்லைக்கு அப்பால் மாறிய சட்டம்

இருப்புக் கணக்கைக் குலைக்கும் மிகப் பெரிய மாற்றம் மையின் வயதால் வருவதன்று. பொருளின் மீதான தடையால் வருவது. 2019-இல் கேரள அரசு பி.வி.சி. பிளக்ஸுக்குத் தடை விதித்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் குமரி மாவட்டத்தின் அண்டை ஊர்கள் என்பதால், எல்லை தாண்டி வரும் வேலைகள் துணிக்கும் மறுசுழற்சிக்கு உகந்த பாலிஎத்திலீன் படலத்துக்கும் மாற வேண்டியதாயிற்று. தமிழகத்தில் அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் விழுந்த பதாகையால் ஓர் இளம் பெண் பொறியாளர் உயிரிழந்தபின், அனுமதியற்ற பதாகைகளுக்கு எதிரான நீதிமன்றக் கண்டிப்பும் மக்கள் எதிர்ப்பும் வலுத்தன. அந்தக் கோபம் நியாயமானது. சாலையோரப் பதாகைக்காக ஓர் உயிர் போவதை எந்தத் தொழிலின் நலனும் சமன்செய்யாது.

அச்சகத்தின் அலமாரியில் இதன் விளைவு நேரடியானது. சால்வன்ட் மை பி.வி.சி. பரப்பை இலேசாகக் கரைத்து அதில் கடித்துப் பிடிக்கும் தன்மையால் வேலை செய்வது. பருத்தித் துணி அப்படிக் கரைவதில்லை. துணிக்கு மேற்பூச்சோ, லேடெக்ஸ், யு.வி. போன்ற வேறு மைகளோ தேவைப்படுகின்றன. யு.வி. என்பது புற ஊதா ஒளி பட்டதும் கெட்டியாகும் மை. பழைய பொறியின் மையைப் புதிய பொறியில் ஊற்ற முடியாது. எனவே பொறியை மாற்றத் திட்டமிடும் கடை, அதற்கு ஒரு பருவம் முன்பிருந்தே மறுகொள்முதலைக் குறைத்து, பெரிய கேன்களைத் தவிர்த்துச் சிறிய பாட்டில்களில் மட்டும் வாங்கி, கடைசி வேலையோடு கடைசி மையும் தீருமாறு இறக்கிக்கொண்டு வர வேண்டும். மில்லி விலை அதிகமானாலும் சிறிய அளவே லாபமாக முடியும் தருணங்களில் இது முதன்மையானது.

இவ்வாறு இறக்கும்போது எஞ்சும் கேன்களையும் கேட்ரிட்ஜ்களையும் என்ன செய்வது என்பதும் அச்சகத்தின் பொறுப்பே. அச்சுப்பொறிகளும் அவற்றின் கேட்ரிட்ஜ்களும் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. சால்வன்ட் மை ஒட்டிய காலிக் கேன்களும், கழுவி வெளியேற்றிய கலங்கிய சொலூஷனும் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் பொருளாகின்றன. ஆனால் நடைமுறையில் காலிக் கேன்கள் தண்ணீர் பிடிக்கவும் மண்ணெண்ணெய் வைக்கவும் வீடுகளுக்குப் போகின்றன. கழிவு மை ஓடையில் ஊற்றப்படுகிறது. வள்ளியாறும் அதன் கால்வாய்களும் பாசனத்துக்கு நீர் தரும் இந்த வட்டாரத்தில் அதற்கு இடமே தரக்கூடாது. பழைய கேனைத் திருப்பிப் பெற்றுக்கொள்ளும் டீலரிடம் மட்டுமே புதிய கேன் வாங்குவது என்று பத்து அச்சகங்கள் சேர்ந்து நிபந்தனை விதித்தால், சரக்கு கொண்டுவரும் அதே பார்சல் லாரியில் காலிக் கேன்களும் திரும்பிப் போக வழி பிறக்கும்.